மேட்டி, பட்லர், தண்ணிக்காரச்சி: துரை வீட்டுச் சொற்கள்

சென்ற இதழில் 'பட்லர்' என்ற சொல்லுக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தோம். அதைத் தொட்டு வடசென்னையிலிருந்து வரிசையாகக் கடிதங்கள். இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி (ராயபுரம்): கொள்ளுத்தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1908 தேதி போட்ட ஆங்கிலத் தாள் ஒன்று கிடைத்தது. முதலில் 'மேட்டி', அப்புறம் 'டிரெஸ்ஸிங் பாய்', கடைசியில் 'பட்லர்' என்று ஆறு வருட வேலை எழுதியிருக்கிறது. 'ஹானஸ்ட், சோபர்' என்று பாராட்டு. 'ஃபேமிலி' உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் லீவு எடுத்தாராம். துரை 'ஹோம்' போவதால் இந்த 'கேரக்டரை'த் தருகிறாராம். தாத்தா என்னதான் வேலை பார்த்தார்? தாளை லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: லேமினேஷன் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது. அந்தக் காலத்து மையில் இரும்புச் சத்தும் அமிலமும் இருப்பது சகஜம். உள்ளே அடைத்து வைத்தாலும் அது தாளை அரித்துக்கொண்டேதான் இருக்கும். தாளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பைப் பிரித்து, அமிலமில்லாத காகித உறைக்குள் தட்டையாக வையுங்கள். கடல்காற்று அடிக்கும் வீடு என்பதால் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் தாத்தா மூன்று படி ஏறியிருக்கிறார். 'மேட்டி' என்பது 'மேட்' என்ற ஆங்கிலச் சொல் சென்னையில் எடுத்த உருவம் என்று சொல்வோர் உண்டு, மூலம் உறுதியில்லை. விளக்குக் கண்ணாடி துடைப்பது, திரி கத்தரிப்பது, எண்ணெய் ஊற்றுவது, கத்தி தேய்ப்பது, தட்டு கழுவுவது எல்லாம் மேட்டி வேலை. 'டிரெஸ்ஸிங் பாய்' துரையின் உடைகளுக்குப் பொறுப்பு. இதே வேலையை வடக்கே 'பேரர்' என்பார்கள். 'பாய்' என்றிருப்பதால் சின்னப் பையன் என்று எண்ண வேண்டாம், ஐம்பது வயதுக்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தெலுங்கில் பல்லக்குத் தூக்குவோரைக் குறிக்கும் 'போயி' என்ற சொல்லும் இதற்குள் கலந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதினார்கள். பட்லர் ஆனவர் தினம் மார்க்கெட் போவார், சாமான் அறைச் சாவியை வைத்திருப்பார், மேஜைப் பரிமாறலை மேற்பார்ப்பார். கணக்கு அவர் கையில். ஆறு வருடத்தில் விளக்குத் துடைப்பதிலிருந்து சாவிக்கொத்து வரை வந்தது சாதாரணமில்லை.

'கேரக்டர்' இங்கே குணம் அல்ல, நன்னடத்தைச் சான்று. அந்தக் கால இங்கிலாந்தில் இது இல்லாமல் அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. ஆனால் கொடுத்தே ஆகவேண்டும் என்று எஜமானருக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. பொய்ச் சான்று காட்டினால் மட்டும் 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பவுன் அபராதம். சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பாருங்கள். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு 'சிட்' என்று பெயர், 'சிட்டி' என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்தது.

இப்படிப்பட்ட தாளைப் படிக்கும்போது நான்கு இடங்களில் நிதானிக்க வேண்டும். ஒன்று, பெயர். பெயரில்லாத சிட் கைமாறுவதுண்டு, வாடகைக்குப் போவதும் உண்டு. தாளில் தாத்தாவின் பெயர் இருக்கிறதா, எழுத்துக்கூட்டல் எப்படி என்று முதலில் பாருங்கள். இரண்டு, விலகிய காரணம். 'ஹோம்' என்றால் இங்கிலாந்து. துரை கப்பலேறியதால் வேலை போனது, தாத்தா மேல் குறையில்லை. மூன்று, எந்தப் பாராட்டு விடுபட்டிருக்கிறது என்பது. 'ஹானஸ்ட்' என்றால் கை சுத்தம், 'சோபர்' என்றால் குடிப்பழக்கம் இல்லை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அடுத்த துரைசானி புருவம் உயர்த்துவார். உங்கள் தாளில் இரண்டும் இருக்கின்றன. நான்கு, தேதி. 'இன்ஸ்ட்' என்று சுருக்கியிருந்தால் அதே மாதம், 'அல்ட்' என்றால் போன மாதம், 'பிராக்ஸ்' என்றால் வரும் மாதம்.

'ஃபேமிலி'? அது உங்கள் கொள்ளுப்பாட்டி. சென்னைப் பட்லர்களின் ஆங்கிலத்தில் 'ஃபேமிலி' என்றால் மனைவி, துரைகளும் அந்த வழக்கையே திருப்பிப் பேசினார்கள். இன்றும் 'ஃபேமிலி ஊருக்குப் போயிருக்காங்க' என்கிறோமே, அதேதான். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் 'ஃபாமுலுஸ்' என்பதற்கு வேலையாள் என்று பொருள். ரோமில் 'ஃபாமிலியா' என்றால் முதலில் வீட்டு அடிமைகள் எல்லோரும் சேர்ந்த கூட்டம். சொந்தபந்தம் என்ற பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): எங்க வீட்ல பாட்டிய 'ஆயா'னுதான் கூப்டுவோம். ஸ்கூல்ல குழந்தைங்கள பாத்துக்கறவங்களும் 'ஆயா'. ரெண்டும் ஒரே வார்த்தையா? வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதா?

பதில்: ஒலி ஒன்று, பிறப்பு இரண்டு. பள்ளிக்கூட ஆயா போர்த்துக்கீசியர் கொண்டுவந்தவர். அவர்கள் மொழியில் 'ஆயா' என்றால் குழந்தையை வளர்க்கும் தாதி. ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு இந்தியா முழுக்கப் பரப்பினார்கள். உங்கள் வீட்டு ஆயா நம்முடைய 'ஆய்' என்ற தாய்ச்சொல்லின் வழி வந்தவர். 'ஆயி', 'ஆயாள்' எல்லாம் அதே குடும்பம். போர்த்துக்கீசிய ஆயாவுக்கும் இலத்தீனில் பாட்டியைக் குறிக்கும் 'ஆவியா'தான் மூலம் என்று சொல்வோர் உண்டு. அப்படியானால் அங்கேயும் பாட்டிதான் தாதியாகியிருக்கிறார்.

பால் கொடுக்கும் செவிலிக்கு அக்காலச் சென்னையில் 'ஆமா' என்று வேறு சொல் இருந்தது. அதுவும் போர்த்துக்கீசியம். பழைய கடிதங்களில் இரண்டும் ஒரே வீட்டில் வந்தால் அவர்கள் இரண்டு பெண்கள், ஒரே ஆளாக எண்ணிவிடாதீர்கள். சமையலறைக்குக் 'குசினி', திறக்கச் 'சாவி', சாப்பிட 'மேஜை', துணி வைக்க 'அலமாரி' என்று வீட்டுக்குள் புழங்கும் சொற்களில் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை அதிகம். ஆங்கிலேயருக்கு முன்பே அவர்கள் இந்தக் கரையில் குடித்தனம் நடத்திவிட்டார்கள்.

கேள்வி (புளியந்தோப்பு): பழைய ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குகிறேன். பட்லர், ஃபுட்மேன், வேலட், ஸ்டூவர்ட் நால்வரையும் 'வேலைக்காரன்' என்றே எழுதினால் தப்பா?

பதில்: தப்புதான். கதையில் பாதி அந்த ஏற்றத்தாழ்வில் இருக்கும். ஸ்டூவர்ட் என்பவர் சொத்துக்கணக்கு பார்ப்பவர், நம் ஊர் காரியஸ்தர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டிக்' என்றால் மண்டபம், 'வெயர்ட்' என்றால் காவலர். பன்றிக்கொட்டில் காவலர் என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கட்டுக்கதை. ஸ்காட்லாந்தை ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்தின் பெயரே இந்தப் பதவியிலிருந்து வந்ததுதான். பட்லர் பழைய பிரெஞ்சில் 'புட்டி'க்காரர், திராட்சை மதுவுக்கும் வெள்ளிப் பாத்திரங்களுக்கும் பொறுப்பு. அங்கே அவர் மார்க்கெட் போகமாட்டார். அதனால் சென்னைப் பட்லரின் வேலையை அப்படியே லண்டன் கதைக்குள் ஏற்றிவிடாதீர்கள். வேலட் எஜமானரின் உடை, சவரம், பயணப்பெட்டி பார்ப்பவர். ஃபுட்மேன் ஆரம்பத்தில் வண்டியோடு கூடவே ஓடியவர், பின்னாளில் பரிமாறுவது, கதவு திறப்பது, கடிதம் கொண்டுபோவது. 'காலாள்' என்று எழுதினால் படைவீரன் ஆகிவிடுவார். சீருடைப் பணியாள் எனலாம்.

ஃபுட்மேன் வைத்திருப்பது செல்வத்தின் அடையாளம். அமெரிக்கப் போர்ச் செலவுக்காக 1777இல் ஆண் வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் வரி போட்டார்கள். 1937 வரை அந்த வரி ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. பெண் வேலையாட்களுக்குப் போட்ட வரி 1785இல் வந்து 1792இலேயே போய்விட்டது. உயரமான ஃபுட்மேனுக்குச் சம்பளமும் கூட. கதையில் ஒருவர் வாசலில் இரண்டு ஃபுட்மேன் நிற்கிறார்கள் என்றால் அவர் வரி கட்டித்தான் பெருமை காட்டுகிறார்.

நீங்கள் கேட்ட நான்கை விடக் கேட்காத சொற்கள்தான் காலை வாரும். 'ஃபாலோயர்' என்றால் பின்தொடர்பவர் அல்ல, பணிப்பெண்ணைத் தேடிவரும் காதலன். விளம்பரத்தில் 'நோ ஃபாலோயர்ஸ்' என்றால் காதலன் வரக்கூடாது என்று நிபந்தனை. 'மந்த்ஸ் வார்னிங்' எச்சரிக்கை அல்ல, வேலையைவிட்டு நிற்க ஒரு மாத முன்னறிவிப்பு. 'சிச்சுவேஷன்' என்றால் வேலை. 'பிளேட்' என்றால் வெள்ளிச் சாமான். 'குக்-ஜெனரல்' படைத்தளபதி அல்ல, சமையலோடு எல்லா வேலையும் ஒண்டியாகச் செய்யும் பெண். 'பிளெய்ன் குக்' என்பது அழகைப் பற்றியதல்ல, சாதாரணச் சமையல் மட்டும் தெரிந்தவர். அலங்காரச் சமையல் தெரிந்தவர் 'புரொஃபெஸ்டு குக்', சம்பளம் அதிகம். 'போர்டு வேஜஸ்' என்றால் எஜமானர் ஊரில் இல்லாதபோது சாப்பாட்டுக்குப் பதில் தரும் படிக்காசு. 'பூட்ஸ்' என்பது விடுதியில் செருப்புத் துடைக்கும் ஆளின் பெயராகவே வரும். 'ட்வீனி' சமையலறைக்கும் மேல்மாடிக்கும் நடுவே அல்லாடி இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் சிறுமி. 'டம்ப் வெயிட்டர்' ஊமைப் பரிசாரகர் அல்ல, பண்டம் ஏற்றும் சின்ன லிஃப்ட் அல்லது அடுக்குத்தட்டு. 'பட்டரி'யில் வெண்ணெய் இல்லை, பீப்பாயும் புட்டியும் வைக்கும் அறை. 'பான்ட்ரி'யின் மூலத்தில் இருப்பது ரொட்டி.

இன்னொன்று. ஹவுஸ்கீப்பரை 'மிஸஸ்' என்றே அழைப்பார்கள், கல்யாணம் ஆகாதவராக இருந்தாலும். பெரிய வீட்டுச் சமையல்காரிக்கும் அந்த மரியாதை உண்டு. 'திருமதி' என்று போட்டுவிட்டு, கணவர் எங்கே என்று வாசகரைத் தேடவிடாதீர்கள். 'அம்மாள்' பொருந்தும்.

கேள்வி (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி): 'லேடி' என்றால் மாவு பிசைபவள் என்று வகுப்பில் சொன்னார்கள். தோழிகள் நம்பவில்லை.

பதில்: நம்பச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி, இன்றைய 'லோஃப்'. ரொட்டிக்குக் காவலர் 'ஹ்லாஃப்வெயர்ட்', அது தேய்ந்து 'லார்ட்'. ரொட்டி பிசைபவர் 'ஹ்லாஃப்திகே', அது தேய்ந்து 'லேடி'. வகுப்பில் சொல்லாமல் விட்ட மூன்றாவது சொல் ஒன்று உண்டு: 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்பவர். அதாவது அந்த வீட்டுச் சோற்றை நம்பியிருக்கும் ஆள், வேலையாள். கி.பி. 600ஐ ஒட்டி கென்ட் நாட்டு அரசர் எத்தல்பர்ட் வகுத்த சட்டத்தில் இச்சொல் வருகிறது. ஒரு குடியானவரின் 'ரொட்டி தின்பவரை'க் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு. காப்பவரும் பிசைபவரும் பட்டப்பெயர்களாக உயர்ந்துவிட்டார்கள், தின்றவர் அகராதியோடு நின்றுபோனார். செஞ்சோற்றுக்கடன் என்று சொல்லும் நமக்கு இது புரியாத கணக்கல்ல.

சில வேலைக்காரச் சொற்களுக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. 'நைட்' என்ற வீரப்பட்டம் 'க்னிஹ்ட்', அதாவது பையன், ஏவலாள். 'மார்ஷல்' குதிரை பார்க்கும் வேலையாள். நம் காவல் நிலையத்துக் 'கான்ஸ்டபிள்' இலத்தீனில் லாயத்து அதிகாரி. அதே பையனைக் குறித்த 'நேவ்' மட்டும் அயோக்கியன் ஆகி, சீட்டுக்கட்டில் ஜாக்கியாக ஒதுங்கிவிட்டான்.

கேள்வி (பெரம்பூர்): 'சார்வுமன்' என்பதில் இருக்கும் 'சார்' கரியா?

பதில்: கரி இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'சியர்' என்றால் திருப்பம், முறை. ஒண்டுக்குடித்தன வீடுகளில் வாரம் ஒரு குடும்பம் வாசல் பெருக்குவதை 'முறைவாசல்' என்கிறோமே, அந்த முறைதான். அந்தந்த நாளுக்கு வந்து வேலை செய்து கூலி வாங்கிப் போகும் பெண் சார்வுமன், வீட்டோடு தங்கமாட்டார். வீட்டுவேலைக்கு இன்று சொல்லும் 'சோர்' அதே சொல்லின் இன்னொரு உருவம்.

கேள்வி (வேப்பேரி): குடும்ப வரலாறு எழுத, தேவாலயத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் 'டன்னிகெட்ச்', 'ஹார்ஸ்கீப்பர்', 'கானிகோபொலி' என்றெல்லாம் இருக்கிறது. ஆங்கில அகராதியில் கிடைக்கவில்லை.

பதில்: சத்தமாக வாசியுங்கள், பாதி அவிழும். 'டன்னிகெட்ச்' நம்முடைய தண்ணிக்காரச்சி. தண்ணீர் சுமந்து, கூடவே அறை பெருக்கும் வேலையும் பார்த்த பெண். 'கானிகோபொலி' கணக்கப்பிள்ளை. 'ஹார்ஸ்கீப்பர்' மட்டும் சுத்த ஆங்கிலம், ஆனால் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பேச்சிலிருந்த பழஞ்சொல். வடக்கே 'சைஸ்', பம்பாயில் 'கோராவாலா' என்றபோது சென்னையும் இலங்கையும் இந்தப் பழஞ்சொல்லைப் பிடித்துக்கொண்டன. அவரோடு 'கிராஸ்கட்டர்' என்று புல்லறுப்பவரும் இருப்பார்.

கிடைக்காத சொல்லுக்கு 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் பாருங்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியானது, 1903இல் விரிந்த பதிப்பு. பர்னல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர், அதனால் நம் பக்கத்துச் சொற்கள் தாராளம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி ஏமாறாதீர்கள். எழுதிய பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் முதல் எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். 'வேப்பேரி'யே அந்தக் காலத்து அச்சில் 'வெபேரி' என்று 'டபிள்யூ'வில் தொடங்கும்.

1800க்கு முந்தைய பக்கமானால் வேறு தொல்லை. சொல்லின் நடுவிலும் தொடக்கத்திலும் வரும் 'எஸ்' நீண்டு 'எஃப்' போலத் தெரியும், 'சர்வன்ட்' உங்கள் கண்ணுக்கு 'ஃபர்வன்ட்' ஆகும். குறுக்குக்கோடு எழுத்தைத் தாண்டி வலப்பக்கமும் நீள்கிறதா என்று பாருங்கள், நீண்டால் அது 'எஃப்'. 'டிஓ' என்ற இரண்டெழுத்து பெயரல்ல, 'மேற்படி'. இன்னும் பெரிய குழி 'மலபார்'. அக்காலச் சென்னை ஆங்கிலத்தில் மலபார் என்றால் தமிழ். 1779இல் வேப்பேரியில் அச்சான ஃபப்ரீசியஸின் தமிழ்-ஆங்கில அகராதியும் தமிழை 'மலபார்' என்றே சொன்னது. 'ஜென்டூ' என்றால் தெலுங்கு. உங்கள் முன்னோர் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று இதை வைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி (சூளை): துபாஷும் பட்லரும் ஒன்றா? 'பட்லர் இங்கிலீஷ்' என்று கிண்டல் செய்கிறார்களே, அது வெறும் தப்பு இங்கிலீஷா?

பதில்: இரண்டும் வேறு வேறு. துபாஷ் என்றால் இரண்டு பாஷைக்காரர், மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும் சேர்ந்தவர். கம்பெனிக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். பச்சையப்ப முதலியார் துபாஷ்தான். உங்கள் சூளையில் தெருப்பெயராக நிற்கும் அவதானம் பாப்பையர், கம்பெனி அதிகாரிகளான ஹாலண்ட் சகோதரர்களின் துபாஷ். சாவிக்கொத்துப் பட்லர் அந்த உயரத்துக்கு வரமாட்டார்.

பட்லர் இங்கிலீஷுக்கு இலக்கணம் உண்டு. இனி நடக்கப்போவதற்கு 'இங்', நடந்து முடிந்ததற்கு முன்னால் 'டன்'. 'ஐ டெல்லிங்' என்றால் சொல்கிறேன் அல்ல, சொல்வேன். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன். மொழியியலாளர் ஹ்யூகோ ஷுகார்ட் 1891இலேயே இதை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். நம் 'விட்டேன்' என்ற துணைவினையின் வேலையை 'டன்' செய்வதைக் கவனியுங்கள். பழைய கடிதத்தில் 'பட்லர் கம்மிங்' என்று வேலையாள் சொன்னதாக இருந்தால், 'வந்துகொண்டிருக்கிறார்' என்று மொழிபெயர்க்காமல் 'வருவார்' என்று எழுதுங்கள்.